சம்பள நாளன்றே அனுப்புவதா, ரேட் ஏறட்டும் என்று காத்திருப்பதா?

அமீரகத்தில் ஷார்ஜாவின் ரோலா பகுதி, மாதத்தின் முதல் வாரம், மாலை ஏழு மணி. ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். பாதிப் பேர் இப்போது ஆப்பில் அனுப்பிவிடுகிறார்கள், இருந்தும் கூட்டம் குறைந்தபாடில்லை. போன மாதம் எனக்கு முன்னால் நின்றவருக்கு அறந்தாங்கிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஒரு திர்ஹாமுக்கு எத்தனை ரூபாய் என்று பலகையில் இருந்த எண்ணைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், திரும்பவும் பலகையைப் பார்த்தார். “நேத்து ஆறு பைசா கூட இருந்துச்சுண்ணே. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டுப் போய்விட்டார்.

ஐயாயிரம் திர்ஹாமுக்கு ஆறு பைசா என்றால் 300 ரூபாய். நாளைக்கு அது ஆறு பைசா கூடலாம், ஆறு பைசா குறையவும் செய்யலாம். நிச்சயமானது ஒன்றுதான்: அவர் நாளைக்கும் இதே வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 2013-ல் நான் ஆறு பைசாவுக்காக இல்லை, ஒரு ரூபாய் முப்பது பைசாவுக்காகக் காத்திருந்து நாற்பதாயிரம் ரூபாயைக் கோட்டை விட்டவன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். அதற்குப் பிறகு நாலு வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்கும் பழக்கம் வந்தது. சம்பளம் வந்ததும் அனுப்பிவிடுவது ஒன்று. ரேட் ஏறும்வரை கையில் வைத்திருப்பது இரண்டு. ரூபாயாக மாற்றி, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.இ கணக்கில் எஃப்.டி-யாக (நிரந்தர வைப்பாக) போடுவது மூன்று. மாற்றாமல் டாலராகவே இந்திய வங்கியில் எஃப்.சி.என்.ஆர் வைப்பாக வைப்பது நான்கு. ஐந்தாவதாக, ரேட் உச்சத்தில் இருக்கும்போது இங்கே கடன் வாங்கி அனுப்புகிறவர்களும் உண்டு. அது வழியா, வலியா என்று பிறகு பார்க்கலாம்.

எண் ஏறினால் ரூபாய் இறங்குகிறது

இந்த ஒரு இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். “ரேட் கூடிருச்சு” என்று நாம் இங்கே சந்தோஷப்படும் நாளில், ஊரில் செய்தித்தாள் “ரூபாய் சரிவு” என்று போடும். இரண்டும் ஒரே விஷயம். ஒரு டாலர் 80 ரூபாயாக இருந்து 90 ஆனால், அதே டாலரை வாங்க ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதாவது ரூபாய் பலவீனமாகிவிட்டது. சதவீதத்திலும் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. 80-லிருந்து 90 ஆனால் டாலர் ஏறியது 12.5 சதவீதம், ரூபாய் இறங்கியதோ 11.1 சதவீதம். எதிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டு செய்தியில் இரண்டு எண் வந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேலை மிச்சம். அமீரகத்தின் திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்டிருக்கிறது. சவூதி ரியாலும் அப்படித்தான், டாலருக்கு 3.75. ஆகவே திர்ஹாம்-ரூபாய் ரேட் என்று தனியாக ஒன்று கிடையாது. டாலர் ரேட்டை 3.6725-ஆல் வகுத்தால் அதுதான். டாலர் 90 என்றால் திர்ஹாம் 24.50. எங்கள் கடைப் பலகையில் ஓடுவது அமெரிக்க டாலரின் நிழல்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு அப்படியில்லை. அங்குள்ள நாணய ஆணையம் 1980-களின் தொடக்கத்திலிருந்து வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) ஒரே ஒரு நாணயத்தோடு கட்டாமல், வணிகம் செய்யும் பல நாடுகளின் நாணயங்கள் அடங்கிய ஒரு கூடையோடு ஒப்பிட்டு, ஒரு வரம்புக்குள் நகர விடுகிறது. மலேசிய ரிங்கிட் கதை வேறு. 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று நிறுத்தினார்கள், 2005 ஜூலையில் விடுவித்தார்கள். 2014-15-ல் எண்ணெய் விலை சரிந்தபோது ரிங்கிட்டும் கூடவே சரிந்தது. டாலர் ரேட் ஏறுகிறதே என்று கோலாலம்பூரில் இருக்கும் மச்சான் சந்தோஷப்பட்டால், அவர் வேறு யாருடைய ரேட்டையோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, டாலர் ஏன் ஏறுகிறது? அடிப்படையில் யாருக்கு டாலர் வேண்டும், யார் டாலரை விற்கிறார்கள் என்பதுதான். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. எண்ணெய் நிறுவனங்கள், குறிப்பாக மாதக் கடைசியில், பெரிய அளவில் டாலர் வாங்குவார்கள். தங்கம் இறக்குமதி செய்கிறவர்களுக்கும் டாலர் வேண்டும். மும்பைப் பங்குச்சந்தையில் பணம் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் பங்கை விற்றுவிட்டு வெளியேறினால், ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்கித்தான் போக வேண்டும். இவையெல்லாம் ரூபாயைக் கீழே தள்ளும். எதிர்ப்பக்கம் நின்று டாலரை விற்பவர்கள்: மென்பொருள் நிறுவனங்கள், திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதியாளர்கள், அப்புறம் நாம். உலகத்திலேயே வெளிநாட்டிலிருந்து அதிகப் பணம் வருவது இந்தியாவுக்குத்தான். 2024-ல் சுமார் 129 பில்லியன் டாலர் என்று உலக வங்கி கணித்தது. அந்த அறந்தாங்கிக்காரரின் ஐயாயிரமும் அதில் அடக்கம்.

இதற்கு மேல் அமெரிக்க மத்திய வங்கி. அங்கே வட்டி கூடினால் உலகம் முழுக்கப் பணம் அந்தப் பக்கம் ஓடும், ரூபாய்க்கு மட்டும் இல்லை, பல நாடுகளின் நாணயங்களுக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு.

இடையில் நம் ரிசர்வ் வங்கி. இந்த ரேட்டில்தான் ரூபாய் நிற்க வேண்டும் என்று தாங்கள் குறிவைப்பதில்லை, அளவுக்கு மீறிய ஆட்டத்தை மட்டும் அடக்குகிறோம் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. வேகமாக விழுந்தால் பொதுத்துறை வங்கிகள் வழியாக டாலரை விற்பார்கள், வரத்து அதிகமானால் வாங்கிச் சேர்த்துக்கொள்வார்கள். அதன் விளைவை 2022 அக்டோபரில் முதன்முறையாக 83-ஐத் தொட்ட டாலரிடம் பார்க்கலாம். ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பரிலும் அது 83-84-க்கு நடுவிலேயே நின்றது. அப்போது “எண்பத்தஞ்சு வரட்டும்” என்று பணத்தைக் கையில் வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு வருடம், ஒரு பைசா வட்டி இல்லாமல்.

எல்லாவற்றுக்கும் அடியில் மெதுவாக ஓடுவது விலைவாசி. இந்தியாவில் பொருள்களின் விலை அமெரிக்காவை விட வேகமாக ஏறும்போது, ரூபாயின் மதிப்பும் நாளடைவில் அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும். 1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது டாலர் 4.76-லிருந்து 7.50 ஆனது. 1991 ஜூலையில், இறக்குமதிக்குச் சில வாரங்களுக்கே டாலர் மிச்சம் என்ற நிலையில், முதல் தேதி ஒருமுறை, மூன்றாம் தேதி ஒருமுறை என்று இரண்டு படியாகக் குறைத்தார்கள். அந்த மாதமே ரிசர்வ் வங்கியின் தங்கம் சுமார் 47 டன் லண்டனுக்கு அடகு போனது. வீட்டு நகையை அடகு வைத்துச் சீட்டுப் பணம் கட்டிய குடும்பங்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. 1993 மார்ச்சிலிருந்து ரேட்டைச் சந்தை தீர்மானிக்கிறது. அப்போது டாலர் 31 ரூபாய்க்குச் சற்று மேல், 2025 டிசம்பரில் 90. கூட்டு வட்டிக் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த 3 சதவீதத்தை ஞாபகத்தில் வையுங்கள், கீழே வேலை இருக்கிறது.

“அப்ப எப்படியும் ஏறத்தானே போகுது, காத்திருந்தா என்ன?” என்று கேட்கத் தோன்றும். நேர்க்கோட்டில் ஏறினால் சரி. 2002 மே மாதத்தில் 49 ரூபாயாக இருந்த டாலர் 2008 ஜனவரியில் 39 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்தரை ஆண்டில் ரூபாய்தான் பலமானது. 2007-ல் மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல். அந்த வருடம் 44 ரூபாய்க் கணக்கில் விலை பேசி ஆர்டர் எடுத்த திருப்பூர்க்காரர்கள், சரக்கு கப்பலேறி டாலர் கைக்கு வந்தபோது 39, 40 ரூபாயாக மாற்றினார்கள். லாபமே அந்த நாலு ரூபாய்தான் என்று இருந்தவர்களின் நிலை என்ன ஆகியிருக்கும்? ரூபாய் பலமானால் நாட்டுக்கு நல்லது என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த வருடம்தான் ஞாபகம் வரும்.

2025-ஐயே எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் டாலர் 88-ஐ நெருங்கியது, மே தொடக்கத்தில் 84 பக்கம் வந்தது, டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. திர்ஹாமில் 24-க்குப் பக்கம், அப்புறம் 22.90, அப்புறம் 24.50. வருடக் கடைசியில் பார்த்தால் ஏற்றம்தான். ஆனால் தங்கை கல்யாணம் மே மாதத்தில் என்றால்?

காத்திருந்த கதை

2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பெர்னான்கி, சந்தையில் தாங்கள் கொட்டிவந்த பணத்தைப் படிப்படியாகக் குறைக்கக்கூடும் என்று சொன்னார். அவ்வளவுதான். 55 ரூபாயாக இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68.80-ஐத் தொட்டது. திர்ஹாம் 15-லிருந்து 18.70. ஷார்ஜாவில் அந்த வாரம் யாரும் வேறெதையும் பேசவில்லை. “செப்டம்பர்ல எழுபத்தஞ்சு” என்று ஒருவர் சொல்வார், அதைக் கேட்டு இன்னொருவர் தலையாட்டுவார். என் கையில் 20,000 திர்ஹாம் இருந்தது. அன்று அனுப்பியிருந்தால் சுமார் 3,74,000 ரூபாய். ஒரு திர்ஹாமுக்கு 20 ரூபாய் முழுசாக வரட்டும், நாலு லட்சமாக அனுப்பலாம் என்று இருந்துவிட்டேன். நாலு லட்சம் என்ற அந்த முழு எண்ணின் மேல் வந்த ஆசைதான், வேறு ஆராய்ச்சி எதுவும் இல்லை.

செப்டம்பர் 4 அன்று ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராகப் பதவியேற்றார். வெளிநாட்டு இந்தியர்களிடமிருந்து எஃப்.சி.என்.ஆர் வைப்பாக டாலர் திரட்டும் வங்கிகளுக்கு, அந்த டாலரின் ரேட் அபாயத்தை 3.5 சதவீதச் செலவில் தாங்களே ஏற்கிறோம் என்று அறிவித்தார். நவம்பர் முடிவதற்குள் அந்த வழியில் மட்டும் சுமார் 26 பில்லியன் டாலர் வந்து விழுந்தது. அக்டோபர் நடுவில் டாலர் 61 ரூபாய்ப் பக்கம். நான் கடைசியில் அனுப்பியது 16.70-க்கு, 3,34,000 ரூபாய். என்னைப் போல வெளிநாட்டில் இருந்தவர்கள் போட்ட டாலரே என் ரேட்டைக் கெடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது.

அந்த 68.80-ஐ டாலர் மறுபடி எட்டிப் பார்த்தது 2016 நவம்பரில். மூன்று வருடத்துக்கு மேல்.

இந்த ஒரு தவறை வைத்துக் காத்திருப்பதே தப்பு என்று சொல்லவில்லை. மூன்று மாதத்தில் 15-லிருந்து 18.70 வரை போனபோது ஜூலை வரை சும்மா இருந்தவர் லாபம்தான் பார்த்தார். என் குறை, காத்திருப்பதற்கும் ஒரு செலவு உண்டு என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை என்பது. எழுதிப் பார்ப்போம்.

இன்று ரேட் 24.50 என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் திர்ஹாமுக்கு இங்கே சம்பளக் கணக்கில் வட்டி கிடையாது. அதே பணம் ஊரில் என்.ஆர்.இ எஃப்.டி-யில் இருந்தால் 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (வங்கிக்கு வங்கி மாறும், கணக்குக்காக ஒரு எண்). ஆறு மாதம் காத்திருந்தால் 3.5 சதவீத வட்டி போச்சு. அதை ஈடுகட்டவே ரேட் 25.36 ஆக வேண்டும். ஒரு வருடம் என்றால் 26.22. முப்பது வருடச் சராசரி ஏற்றமோ ஆண்டுக்கு மூன்று சதவீதத்துச் சொச்சம். அதாவது சராசரியாகப் பார்த்தால், காத்திருக்கிறவர் எஃப்.டி போட்டவரிடம் தோற்றுப்போகிறார். ரேட் ஏறியும் தோற்கிறார் என்பதுதான் இதில் வேடிக்கை.

ஊரில் கடன் இருந்தால் பேச்சே இல்லை. வீட்டுக் கடன் 8.5 சதவீதம் என்றால் ஆறு மாதத்தில் ரேட் 25.54-ஐத் தொட வேண்டும். நகைக் கடன் வருடத்துக்கு 12 சதவீதம் என்றால் 25.97. வீட்டில் செயின் அடகில் இருக்கும்போது ரேட் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், சேட்டுக் கடைக்கு வட்டி கட்டிச் சூதாடுகிறார். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன், தெரிந்தே.

சம்பள நாளன்றே அனுப்புகிறவருக்கு என்ன கிடைக்கிறது? உச்சம் கிடைக்காது, அடிமட்டமும் கிடைக்காது. 2025-ல் மாதாமாதம் அனுப்பியவருக்கு 22.90-உம் கிடைத்தது, 24.50-உம் கிடைத்தது, வருடத்தின் நடுவாந்தர ரேட் கைக்கு வந்தது. ஊரில் பள்ளிக் கட்டணம், மளிகை, அம்மாவின் மாத்திரை எல்லாம் மாதாமாதம் ரூபாயில் நடக்கிற செலவு. அதற்கு ரேட் பார்த்துப் பயனில்லை. அந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக்கூடியது வேறு ஒன்று.

கூகுளில் 24.50 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வங்கிகள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் செய்யும் நடு ரேட். கவுண்டரில் அது யாருக்கும் கிடைக்காது. ஒரு கடையில் 24.30, நாலு கடை தள்ளி 24.42 என்று இருக்கும். ஐயாயிரம் திர்ஹாமுக்கு 12 பைசா வித்தியாசம் 600 ரூபாய். அறந்தாங்கிக்காரர் நாளைக்கு வந்தால் கிடைக்குமோ என்று நம்பியதைவிட இரண்டு மடங்கு, அதுவும் இன்றே, சந்தேகமே இல்லாமல். அனுப்பும் கட்டணத்தையும் பாருங்கள். 20 திர்ஹாம் கட்டணம் என்றால் 500 திர்ஹாம் அனுப்புகிறவருக்கு அது 4 சதவீதம், ஐயாயிரம் அனுப்புகிறவருக்கு அரை சதவீதம்கூட இல்லை. ஆகவே சின்னச் சின்னதாக வாரா வாரம் அனுப்புவது நல்ல பழக்கமாகத் தெரிந்தாலும் காசு கட்டணமாகக் கரைகிறது. “கட்டணமே இல்லை” என்று பலகை வைத்திருந்தால் ரேட்டில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் இவ்வளவு கொடுத்தால் ஊரில் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும்?

என்.ஆர்.இ-யா, எஃப்.சி.என்.ஆர்-ஆ

மாதச் செலவு போக மிஞ்சுகிற பணத்துக்குத்தான் உண்மையான யோசனை தேவைப்படுகிறது. இரண்டு வைப்புக்கும் சில ஒற்றுமைகள் உண்டு. வெளிநாட்டில் வசிக்கும்வரை இரண்டின் வட்டிக்கும் இந்தியாவில் வரி இல்லை. அசல், வட்டி இரண்டையும் திரும்ப வெளியே எடுத்துப்போகலாம். இரண்டுமே குறைந்தது ஒரு வருடம், அதற்குள் உடைத்தால் வட்டி கிடையாது. வித்தியாசம், என்.ஆர்.இ-யில் பணம் ரூபாயாகிவிடும். எஃப்.சி.என்.ஆர்-இல் டாலராகவே ஐந்து வருடம் வரை இருக்கும். ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பினாலும் எஃப்.சி.என்.ஆர்-ஐ முதிர்வு வரை அப்படியே விட்டுவைக்கலாம்.

பத்தாயிரம் டாலரை எடுத்துக்கொள்வோம். 90 ரூபாய் வீதம் மாற்றி 9 லட்சத்தை 7 சதவீத என்.ஆர்.இ-யில் மூன்று வருடம் போட்டால் சுமார் 11,02,500 ரூபாய். மாற்றாமல் 4.5 சதவீத எஃப்.சி.என்.ஆர்-இல் போட்டால் 11,412 டாலர். இரண்டும் சமமாக வேண்டுமானால் மூன்று வருடம் கழித்து டாலர் 96.60 ரூபாயாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் டாலர் வைப்பு ஜெயித்தது, கீழே நின்றால் ரூபாய் வைப்பு.

மூன்று வருடத்தில் 90-லிருந்து 96.60 என்பது ஆண்டுக்கு 2.4 சதவீத ஏற்றம். பழைய சராசரியைவிடக் குறைவு, ஆகவே எஃப்.சி.என்.ஆர்-தான் கெட்டிக்காரத்தனம் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். 2022-24 மாதிரி இரண்டு வருடம் அசையாமல் நின்றுவிட்டால் என்.ஆர்.இ காரர் அழகாக ஏழு சதவீதத்தைச் சாப்பிட்டிருப்பார். அப்படிச் சாப்பிட்டவர்கள் நிறைய. ரூபாய்க்கு வட்டி அதிகமாகக் கொடுப்பது வங்கியின் தாராள மனதால் இல்லை. ரூபாய் இறங்கக்கூடும் என்பதற்கு முன்கூட்டியே தரும் நஷ்டஈடு அது. வங்கியில் இன்றே ஒரு வருடம் கழித்து டாலர் வாங்க முன்பதிவு செய்தால், இரண்டு நாட்டு வட்டி வித்தியாசத்தைச் சேர்த்துத்தான் ரேட் சொல்வார்கள்.

என்னைக் கேட்டால், இந்த இரண்டில் எது என்பதை ரேட்டை வைத்து முடிவுசெய்ய வேண்டியதில்லை. அந்தப் பணம் கடைசியில் எந்த நாணயத்தில் செலவாகப்போகிறது? புதுக்கோட்டையில் மனை வாங்க, வீடு கட்ட, அப்பா அம்மா மருத்துவத்துக்கு என்றால் செலவு ரூபாயில். ரூபாயாகவே இருக்கட்டும், 7 சதவீதத்தை வாங்கிக்கொள்ளுங்கள், டாலர் 100 ஆனாலும் 85 ஆனாலும் மேஸ்திரி கூலி அன்றைக்கே மாறப்போவதில்லை. பிள்ளை வெளிநாட்டில் படிக்க வேண்டும், அல்லது குடும்பமே வேறு நாட்டுக்குப் போகும் எண்ணம் என்றால் செலவு டாலரில். அந்தப் பணத்தை ரூபாயாக மாற்றி, மூன்று வருடம் கழித்து மறுபடி டாலராக்குவது இரண்டு முறை கடைக்காரனுக்குத் தரகு கொடுக்கிற வேலை, அதோடு ரேட் பயம் வேறு. எது என்று இன்னும் தெரியாதவர்கள் பாதிப் பாதி போடலாம்.

ஊரில் இருந்துகொண்டு பிள்ளைக்கு வெளிநாட்டுக் கட்டணம் கட்டும் பெற்றோருக்கு இதே கணக்கு தலைகீழ். அவர்கள் டாலர் வாங்குகிறவர்கள். ரேட் இறங்கட்டும் என்று அவர்கள் காத்திருப்பது, ஏறட்டும் என்று நாம் காத்திருப்பதைவிட ஆபத்து. ஏனென்றால் காற்று பெரும்பாலும் அவர்களுக்கு எதிராக அடிக்கிறது, கல்லூரியின் கடைசித் தேதியும் தள்ளிப்போகாது.

கடன் வாங்கி அனுப்புவது: 2013 ஆகஸ்டில் இது நிறையவே நடந்தது. இங்கே தனிநபர் கடன் எடுத்து மொத்தமாக அனுப்பி ஊரில் எஃப்.டி போட்டார்கள். ரேட் அப்புறம் இறங்கியதால் அந்த முறை சிலருக்கு நன்றாகவே தேறியது. ஆனால் கடன் வட்டியைக் கழித்து, வேலை போனாலும் தவணை நிற்காது என்பதையும் நினைத்துப் பார்த்தால் எனக்கு வேர்த்துவிடும். தூக்கத்துக்கு ரேட் போட முடியாது. இதை நான் வழிகளின் கணக்கில் சேர்க்கவில்லை.

வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் பணத்தைக் கைமாற்றும் உண்டியலும் சேர்த்தி இல்லை, அது சட்டவிரோதம். ஆனால் ரேட் என்பது என்ன என்று புரிந்துகொள்ள இலங்கையில் உண்டியல் செய்த காரியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே மத்திய வங்கி டாலரை 200 ரூபாய்ச் சொச்சத்தில் பிடித்துவைத்திருந்தது. கையிருப்பு டாலர் கரைந்துகொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். உண்டியல்காரர்கள் அதைவிட எவ்வளவோ கூடக் கொடுத்தார்கள். வங்கி வழியாக வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 2020-ல் 7.1 பில்லியன் டாலர், 2021-ல் 5.5 பில்லியன். பிடித்துவைத்த ரேட்டே டாலரை விரட்டியது. 2022 மார்ச் 7 அன்று பிடியைத் தளர்த்தினார்கள். மே மாதத்துக்குள் 360-ஐத் தாண்டிவிட்டது. பிப்ரவரியில் வங்கி வழியாக யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியவரும் மே மாதத்தில் அனுப்பியவரும் ஒரே சம்பளத்துக்குப் பெற்ற ரூபாயில் பெரிய வித்தியாசம். ஆனால் அந்த இடைவெளியில் பெட்ரோல், அரிசி, பால்மா விலை எங்கே போனது என்று அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் ரேட் ஏறிய சந்தோஷம் எவ்வளவு நாள் நின்றது என்று சொல்வார்கள். சந்தை தினம் ஐந்து பைசா, பத்து பைசாவாக ஆட்டுகிற ரேட்டைவிட, யாரோ இறுக்கிப் பிடித்திருக்கும் ரேட்தான் பயப்பட வேண்டியது. அப்படியொரு ரேட்டுக்கு எதிராகக் காத்திருப்பதில் மட்டும்தான் ஏதாவது நியாயம் இருக்கிறது. இந்தியாவில் இப்போது அந்த நிலைமை இல்லை.

நான் இப்போது செய்வது இதுதான். வீட்டுச் செலவு சம்பளம் வந்த அன்றே போய்விடும், இரண்டு கடையின் ரேட்டை ஆப்பில் பார்ப்பேன், மூன்றாவது கடைக்குப் போகமாட்டேன். வீட்டுக் கடன் முடியும்வரை மிச்சமெல்லாம் அதற்குத்தான் போனது. கடன் முடிந்த பிறகு, மகள் மேல்படிப்புக்கு வெளிநாடு போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பதால், அவளுக்கென்று ஒதுக்கிய பத்தாயிரம் டாலரை மூன்று வருட எஃப்.சி.என்.ஆர்-இல் போட்டேன். “ஏழு பர்சன்ட்ட விட்டுட்டு நாலரைக்குப் போடுறீங்களே, அவ உள்ளூர்லயே படிக்கிறேன்னு சொல்லிட்டா?” என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை. 96.60 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்சில் வைத்திருக்கிறேன். முதிர்வு தேதியில் டாலர் அதற்குக் கீழே இருந்து, மகளும் திருச்சியிலேயே படிக்கிறேன் என்று சொல்லிவிட்டால், அந்தச் சீட்டை அவள் கண்ணில் படாமல் கிழித்துப்போட வேண்டியிருக்கும்.